அளவில்லா விருந்தில் அக்லாயாவின் தட்டு

எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாராவது அச்சடித்துக் கொடுத்தால், கொஸ்தாக்கே முதலில் அந்தக் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். ப்ரெயிலா நகரில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின்மீட்டர் சோதனை செய்த கண்கள் அவை. மீட்டர் மெதுவாகச் சுற்றட்டும் என்று பின்னால் காந்தம் ஒட்டி வைத்திருந்தவர்கள்தான் அவருக்கு வாசலிலேயே நின்று காப்பி கொடுத்திருக்கிறார்கள். அதனால் யாராவது சும்மா சிரித்தால்கூடப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை வந்த காகிதத்தின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு பெலிகன் பறவை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஹோட்டல் பெலிகன் ரெகால், சனிக்கிழமை மதிய அளவில்லா விருந்து, இருவருக்கு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் பதினேழு விதிகள். அவருடைய பெயர் நாளுக்கு, அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு, இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருக்கும் மகள் ஸ்மரான்டா அனுப்பிய பரிசு அது.

"அம்மா போனதுலேருந்து டப்பா மீனையே தின்னுட்டிருக்கீங்கப்பா. ஒரு நாளாவது மனுஷன் மாதிரி சாப்பிடுங்க" என்று தொலைபேசியில் சொன்னாள்.

அவள் தேதியைப் பார்த்துப் போட்டாளோ பார்க்காமல் போட்டாளோ, அது பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. இறந்தவர்களின் சனிக்கிழமை. நம் பக்கத்தில் அன்று இறந்தவர் பெயரைச் சொல்லி, தட்டு நிறையச் சாப்பாடும் ஒரு மெழுகுவர்த்தியும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் "போக்தாப்ரோஸ்தே" என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். போனவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று அர்த்தம். அந்த வார்த்தையும் அந்தச் சாப்பாடும் சேர்ந்தால்தான் தட்டு மேலே போய்ச் சேரும். இல்லாவிட்டால் மேலே இருப்பவர் பட்டினி.

நாற்பத்து மூன்று வருடமாக அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் சோறு போட்டவள் அவர் மனைவி அக்லாயா. தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது மட்டும்தான் கொஸ்தாக்கேவின் பங்கு. ஏழு மாதத்துக்கு முன் அவளும் மேலே போய்விட்டாள். இப்போது தட்டைத் தூக்க ஆள் இருக்கிறது, தட்டில் வைக்கத்தான் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், மறுநாள் விருந்துக்கு அவரோடு போக இருந்த அக்லாயாவின் தங்கை சம்ஃபீரா வந்தாள். வந்ததும் உட்காராமலே ஆரம்பித்தாள்.

"அத்தான், அக்கா கனவுல வந்தா. கையில காலிக் கிண்ணம். ஒரு வார்த்த பேசல. கிண்ணத்தக் கவுத்துக் காட்டிட்டுப் போயிட்டா."

கொஸ்தாக்கேவுக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. "உன் கனவுல எதுக்கு வர்றா? என்னோடதானே குடித்தனம் பண்ணா?"

"உங்க கனவுல வந்தா நம்பவா போறீங்க? அடையாள அட்டை கேப்பீங்க."

சம்ஃபீரா அதோடு நிறுத்தவில்லை.

"நாப்பதாம் நாளு சர்மாலேன்னு எதையோ முட்டகோஸ் எலையில சுத்திக் குடுத்தீங்களே, அத மூணாவது மாடிக்காரி பூனைக்கில்ல போட்டா! பூனை போக்தாப்ரோஸ்தே சொல்லாது அத்தான்."

"அப்ப நீ சமைச்சுக் குடேன்."

"நான் குடுத்தா அது தங்கச்சி குடுத்தது. அவ கிண்ணத்தக் கவுத்தது புருஷன் சோத்துக்கு."

அன்று மாலை கொஸ்தாக்கே அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். அக்லாயா வாழ்நாளில் தன் கையால் சமைக்காத சோற்றைச் சாப்பிட்டவள் இல்லை. கல்யாண விருந்துக்குப் போனாலும் அடுப்படியில்தான் நிற்பாள். ஒரே ஒரு தடவையாவது அவளுக்கு வேறு யாரோ ஆக்கிய சாப்பாடு போகட்டுமே. அளவே இல்லாத இடத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துப் பக்கத்து மேசைக்காரர் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

பதினேழு விதிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர், இந்தக் கேள்வியை மட்டும் தன்னிடமே கேட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியம் ஹோட்டல் வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், பேரேடு மாதிரி ஒன்றை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க ஐயா, வாங்கம்மா. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"வியாழக்கெழம ராத்திரி" என்றாள் சம்ஃபீரா பெருமையாக.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு இருவரையும் நிதானமாகப் பார்த்து, மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினாள். முன்னால் போனவர்களுக்கெல்லாம் பச்சைப் பட்டை.

"மஞ்சள்னா என்னம்மா?" என்றார் கொஸ்தாக்கே.

"சிறப்புக் கவனிப்பு ஐயா."

அடுத்து சம்ஃபீராவின் கைப்பையைத் தராசில் வைத்தார்கள். எடையைக் குறித்து, வாயில் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

"போறப்ப இன்னொரு தடவ எடை போடுவோம்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

"என் பாதுகாப்புக்கா, உங்க கோழிக்கால் பாதுகாப்புக்கா?"

"ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் முகம் மாறாமல்.

கூடத்துக்குள் நுழையும் இடத்தில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு பெரிய பலகை இருந்தது. 'வருத்தப் பலகை' என்று மேலே எழுதியிருந்தார்கள். தட்டில் மீதம் வைத்தவர்களை அந்த மீதத்தோடு புகைப்படம் எடுத்து மாட்டுவது நான்காம் விதி. பள்ளி ஆசிரியைகள், ஒரு கப்பல் தலைவர், நடுவில் அரை உருளைக்கிழங்கைக் கையில் ஏந்தியபடி ஒரு பாதிரியார். பாதிரியாரின் முகத்தில் தெரிந்த பச்சாதாபத்தைத் தேவாலயத்துச் சுவரோவியங்களில்கூடக் கொஸ்தாக்கே பார்த்ததில்லை.

உட்கார வைத்த சோபா அவர்களை இடுப்பு வரை விழுங்கியது. மேசையில் ஒரு மணல் கடிகாரம். ஒன்றரை மணி நேரம் ஓடும். கொஸ்தாக்கே தன் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தார். மேசையிலிருந்து சாப்பாடு: எழுபத்திரண்டு காலடி. வரிசை: ரொட்டி, ரொட்டி, சோளக்களி, பீன்ஸ், உருளை, ரொட்டி. ஸ்டர்ஜன் மீன்: தூணுக்குப் பின்னால். தட்டு: மொத்தம் ஒரு சாண், அதில் சோறு நிற்கும் பள்ளம் இரண்டு கட்டைவிரல். மிச்சமெல்லாம் விளிம்பு. விளிம்பில் பெலிகன் படம்.

"கட்டவெரல வச்சு எதுக்குத் தட்ட அளக்கறீங்க? எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் சம்ஃபீரா.

"பாக்கட்டும். எல்லாத்துக்கும் பின்னால ஒரு காந்தம் இருக்கு இங்க."

ரொட்டிப் பகுதியில் நின்றவர் சம்ஃபீராவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இது நாலு நாள் தூங்கி எழுந்த மாவும்மா. உங்களுக்காகத்தான் எழுந்திருக்கு. நீங்க தாண்டிப் போனா அதோட மனசு என்ன பாடுபடும்?"

ஒன்றரை நாள் பட்டினி கிடந்தவள் மாவின் மனசை நினைத்து மூன்று ரொட்டி தின்றாள். நான்காவதோடு சோபாவுக்குத் திரும்பியவளால் அப்புறம் எழ முடியவில்லை.

"சொன்னேனே, ரொட்டிதான் பொறின்னு!"

"நல்லாருந்துச்சு அத்தான்" என்றாள் அவள், கண் பாதி மூடியபடி.

கொஸ்தாக்கே தனியாகவே கிளம்பினார். எழுந்ததுமே வயலின்காரர் ஒருவர் வந்து அவர் காதோரம் நின்று வாசிக்க ஆரம்பித்தார். ஒருவர் உன் காதுக்கென்றே வாசிக்கும்போது நடந்து போவது நம் பக்கத்தில் அவமரியாதை. மெல்லுவது அதைவிட அவமரியாதை. பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கலங்கின மாதிரி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றார். உட்கார்ந்தார், வயலின் போய்விட்டது. எழுந்தார், வந்துவிட்டது. நோட்டில் எழுதினார்: 'பன்னிரண்டு நாற்பது, எழுந்தேன். பன்னிரண்டு நாற்பது, வயலின்.'

மீன் வெட்டுபவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை வளர்ந்தது. சிலர் மனம் உடைந்து பீன்ஸ் பக்கம் போனார்கள். கடைசியில் அவர் வெட்டிக் கொடுத்த துண்டின் ஊடாக எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது.

"கொஞ்சம் தடிமனா வெட்டக் கூடாதா?"

"மீன் மொதல்ல கண்ணுக்குத்தான் ஐயா. கண்ணு நெறஞ்சவன் வயித்தப் பத்திப் பேசமாட்டான்."

கொஸ்தாக்கே தன் வாயில் ஒரு கவளமும் வைக்கவில்லை. ஒன்பது தடவை எழுந்து, ஒன்பது வயலின் கேட்டு, அந்த இரண்டு கட்டைவிரல் பள்ளத்தில் ஒரு கோபுரம் கட்டினார். கண்ணாடி மீன், ஆட்டிறைச்சி, சுட்ட குடைமிளகாய், சுண்டுவிரல் அளவு சர்மாலே இரண்டு, மேலே ஒரு கரண்டி தயிர்ப்பாலேடு. சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்லாயா பார்த்தால், யார் சமைத்தது என்று கேட்டுவிட்டு, உப்பு பத்தவில்லை என்பாள்.

அடுத்த மேசையில் கழுத்துத் துணி கட்டிய ஒரு பருத்த மனிதர் நான்கு தட்டுகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கொஸ்தாக்கே தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என் மனைவி அக்லாயா ஆத்மாவுக்காக. வாங்கிக்கங்க."

அந்த மனிதர் தட்டைப் பார்த்தார். மஞ்சள் பட்டையைப் பார்த்தார். "மிச்சத்த என் தலையில கட்டப் பாக்கறியா?"

"மிச்சமில்லீங்க, கை படாதது. இன்னிக்கு இறந்தவங்க சனிக்கிழமை."

"போன மாசம் ஒருத்தன் இப்பிடித்தான், மாமியார் செத்துட்டான்னு அழுதுட்டே ஒரு தட்ட நீட்டினான். பாவம்னு வாங்கினேன். என்னால முடிக்க முடியல. இப்ப பலகையில மூணாவது வரிசையில தொங்கறேன். போய்ப் பாரு. அவன் மாமியாரு கல்லு மாதிரி இருக்கா."

இன்னொரு மேசையில் முத்துமாலை போட்ட அம்மாள் சோபாவில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டாள். "ஹோட்டல்காரன்தானே உன்ன அனுப்பினான்? இத நான் தின்னா அப்புறம் மீன் வரிசைக்குப் போகமாட்டேன்னு கணக்கு. போய்ச் சொல்லு, நான் இன்னும் எழுந்திருப்பேன்னு." ஆனால் அந்தச் சோபாவும் அவளை இடுப்பு வரை விழுங்கியிருந்தது.

சன்னலோரம் இருந்த கணவனும் மனைவியும் தட்டைக் கண்டதுமே தங்கள் தட்டுகளைக் கையால் மூடிக்கொண்டார்கள். ரொட்டிக்காரரிடம் போனார். ஊழியர்கள் தொடக்கூடாது என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ப்ரெயிலாவில் இந்தச் சனிக்கிழமை நீட்டிய தட்டை யாரும் மறுத்து கொஸ்தாக்கே பார்த்ததில்லை. ஆகாதவர்கள்கூட வாங்குவார்கள், கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள்கூட வாங்கி, போக்தாப்ரோஸ்தே சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வழக்குக்குப் போவார்கள். இங்கே இருநூறு பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது, எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. மணல் கடிகாரத்தில் கால்பாகம்தான் பாக்கி. தட்டை வெளியே கொண்டுபோகவும் முடியாது.

மெழுகுவர்த்தியைப் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று நினைத்து அதை ஏற்றினார். அவ்வளவுதான். எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து, சுடரை ஊதி அணைத்து, 'விதி பதினொன்று' என்று சொல்லி, தட்டோடு அவரை, விதி மீறியவர்களை விசாரிக்கும் 'இணக்க அறை'க்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே மேசைக்குப் பின்னால் விருந்து மேலாளர் ஒக்தாவியான் ப்ரெஸ்யானு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். கோட்டுக்குள் இன்னொருவர் தாராளமாகக் குடியிருக்கலாம். கூரை மூலையில் ஒரு கேமரா சிவப்புக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைச் சாட்சிப் பொருளாக நடுவில் வைத்தார்கள்.

"ஐயா, உங்களுக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று பரிவோடு ஆரம்பித்தார் ப்ரெஸ்யானு. "அளவில்லைங்கறது ஒரு உணர்வு. அத எடை போடக் கூடாது. மனுஷன் நானூறு கிராம்ல திருப்தி ஆயிடறான்னு எங்க தலைமை அலுவலகம் ஆராய்ச்சி பண்ணியிருக்கு. அதுக்கு மேல சாப்பிடறது பசி இல்ல, பகை. அந்தப் பகையைத் தணிக்கத்தான் சோபா, வயலின், ரொட்டி எல்லாம். இதுல ஏமாத்து ஒண்ணுமில்ல. நாங்க யாரையாவது சாப்பிடாதேன்னு தடுத்தோமா? எழுந்திருக்க முடியாம பண்றோம், அவ்வளவுதான்."

கொஸ்தாக்கேவுக்கு ஏழு மாதத்தில் முதல் தடவையாக மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நோட்டில் எழுதியது அத்தனையும் சரி. வயலினும் சரி! அடுத்த நொடி தட்டு கண்ணில் பட்டது. குளிர்ச்சி போய்விட்டது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் நாற்காலியை இழுப்பது போல. அது ப்ரெஸ்யானுவின் வயிறு.

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"ஊழியர்கள் விருந்துச் சாப்பாட்டத் தொடக்கூடாது, விதி ரெண்டு. காலையில அஞ்சு மணிக்கு ஒரு காப்பி. பசியோட இருக்கற மேலாளருக்குத்தான் விருந்தாளியோட பேராசை பளிச்சுனு தெரியும்னு தலைமை அலுவலகத்தோட கொள்கை. நல்ல கொள்கை. எனக்குத் தெரியுது."

கொஸ்தாக்கே தட்டை அவர் பக்கம் மெல்லத் தள்ளினார். "அப்ப இது உங்களுக்குத்தாங்க. என் மனைவி அக்லாயாவுக்காக."

ப்ரெஸ்யானுவின் முகம் வெளுத்தது. எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"புரிஞ்சு போச்சு" என்றார். "நோட்டுப் புத்தகம். கட்டைவிரல்ல தட்டு அளக்கறது. அந்தச் சோபாவிலேருந்து ஒன்பது தடவ எழுந்திருக்கறது. எந்த விருந்தாளியால முடியும்? நீங்க தலைமை அலுவலகத்து ஆளு. என்னைச் சோதிக்க வந்திருக்கீங்க."

"அய்யோ, நான் மீட்டர் சோதகர்ங்க. அதுவும் ஓய்வு வாங்கியாச்சு."

"சோதகர் எங்கயாவது ஓய்வு வாங்குவாரா?" ப்ரெஸ்யானு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எழுதிக்கங்க. ப்ரெஸ்யானு மீனைப் பாத்தான். மூக்கு விடைச்சுது. கை நீளல. பன்னெண்டு வருஷ சேவை. ஆட்டிறைச்சி வாசனையில ரெண்டு தடவ மயக்கம். தொட்டதில்ல."

"சத்தியமா சொல்றேன், என் பொண்டாட்டி செத்துட்டா."

"போன வருஷம் வந்த சோதகர் மகளோட படத்தக் காட்டி அழுதாரு. கேக்குத் துண்டு ஒண்ண நீட்டினாரு. இனிப்புப் பகுதியில இருந்தவரு வாங்கினாரு. அவரு இப்ப எங்க இருக்காருன்னே தெரியல."

முப்பத்தொரு வருடம் கொஸ்தாக்கே கதவைத் தட்டும்போதெல்லாம் கதவுக்கு அந்தப்பக்கம் இப்படி ஒரு முகம்தான் இருந்திருக்கும். அதை இன்றுதான் எதிரில் நின்று பார்க்கிறார்.

"சார், அவ பசியா இருக்கா" என்றார்.

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க."

கதவு படாரென்று திறந்தது. சோபாவிடமிருந்து ஒருவழியாகத் தன்னை மீட்டுக்கொண்டு, தலைமுடி கலைந்து, சம்ஃபீரா நின்றாள்.

"கிழிச்சீங்களா? ஒரு தட்டக் குடுத்துட்டு வரத் துப்பில்ல உங்களுக்கு! மணலு தீரப்போவுது, இங்க உக்காந்து பேசிட்டிருக்கீங்க!"

"இல்ல சம்ஃபீரா, இவரு என்னைய..."

"வாய மூடுங்க. நாப்பத்தி மூணு வருஷம் எங்கக்கா உங்களுக்கு ஆக்கிப் போட்டா. போற அன்னிக்குக்கூட அடுப்புல பீன்ஸ் வச்சுட்டுத்தான் போனா. அவள உள்ள கெடத்தியிருக்கு, நீங்க அடுப்படியில உக்காந்து அந்தப் பீன்ஸத் தின்னீங்க. நான் பாத்தேன். அழுதுட்டே தின்னீங்க. நடுவுல, 'அக்லாயா, உப்பு எங்க வச்ச'ன்னு கேட்டீங்க. ரெண்டு தடவ கேட்டீங்க! இந்த ஆளுக்குக் கனவு வேற வரணுமாம். எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவா?"

கொஸ்தாக்கே தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

ப்ரெஸ்யானு அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"தலைமை அலுவலகத்து ஆளுங்க இவ்வளவு திட்டு வாங்கிட்டுச் சும்மா நிக்க மாட்டாங்க" என்றார் மெதுவாக.

பிறகு கோட்டைக் கழற்றினார். நாற்காலி மேல் ஏறி, அதைக் கேமராவின் மேல் மாட்டினார். கோட்டு இல்லாமல் அவர் இன்னும் பாதியாகத் தெரிந்தார். இறங்கி வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவங்க பேரு என்ன சொன்னீங்க?"

"அக்லாயா."

கொஸ்தாக்கே மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினார். இரண்டு தீக்குச்சி வீணாகிப்போனது. மூன்றாவதைச் சம்ஃபீரா வாங்கிக் கொளுத்தினாள்.

"அக்லாயா. போக்தாப்ரோஸ்தே" என்றார் ப்ரெஸ்யானு. குரல் கொஞ்சம் உடைந்தது. அது அக்லாயாவுக்காகவா, ஆட்டிறைச்சிக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் முதலில் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது சர்மாலேயின்போது நிதானம் போய்விட்டது. கண்ணாடி மீனை ரொட்டி மாதிரி மடித்து வாயில் போட்டார். குடைமிளகாயின் சாறு முழங்கை வரை வழிந்தது. பெலிகன் படம் போட்ட விளிம்பைக்கூட விரலால் வழித்தார். கொஸ்தாக்கே ஒவ்வொரு கவளமும் இறங்குவதை, மீட்டரில் வட்டு சுற்றுவதைப் பார்க்கிற மாதிரி, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

தட்டு காலியானது. ப்ரெஸ்யானு வாயைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு மேசைமேல் குனிந்து, கூச்சத்தோடு, குரலை ரொம்பவே தாழ்த்திக் கேட்டார்.

"ஐயா, உங்க வீட்டுல வேற யாராச்சும் செத்துப்போயிருக்காங்களா?"

சம்ஃபீரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்களை விரித்து எண்ணத் தயாரானாள்.

"இல்லாம? எங்கப்பா பாந்தேலிமோன்லேருந்து ஆரம்பிப்போம். அவருக்கு ஆட்டுக்கறின்னா உசிரு."

கொஸ்தாக்கே அதற்குள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை போயிருந்தார்.